மூன்று வாட்டை வீணாக்காதீர்கள்: ஹப் டைனமோ வாங்குவோருக்கு

சைக்கிள் டைனமோ என்றால் நம்மூரில் பலருக்கும் நினைவுக்கு வருவது டயரில் உரசிக்கொண்டு உறுமும் அந்தச் சின்னப் புட்டிதான். மழையில் வழுக்கும், டயரைத் தின்னும், மிதிப்பதைக் கனமாக்கும். ஹப் டைனமோவில் இந்த உரசல் கிடையாது. முன்சக்கரத்தின் ஹப்புக்குள் கம்பிச்சுருள் அச்சோடு அசையாமல் நிற்கும். காந்தங்கள் சக்கரத்தோடு அதைச் சுற்றிவரும். இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1930களிலேயே இதை ‘டைனோஹப்’ என்று விற்றது. 1990களில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வில்ஃபிரீட் ஷ்மிட் உருவாக்கிய ‘சோன்’ ஹப், நெடுந்தூரம் ஓட்டுவோரை இதன் பக்கம் இழுத்தது. ஷிமானோவும் தைவானின் ஷட்டர் பிரிசிஷனும் விலை குறைந்த வகைகளைத் தருகின்றன.

யார் செய்த ஹப்பானாலும் வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். சாதாரண கைபேசி சார்ஜர் தருவதைவிடக் குறைவு. அந்தக் கொஞ்ச மின்சாரத்தைச் சிந்தாமல் சாலைக்குக் கொண்டுபோவதில்தான் எல்லாம் இருக்கிறது.

வாங்கும் முன்

செய்ய வேண்டியவை

1. இருட்டில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். தெருவிளக்குள்ள நகரத்தில் தினம் அரை மணி நேரம்தான் என்றால் சார்ஜ் செய்யும் பேட்டரி விளக்கே போதும், செலவும் குறைவு. 400 கி.மீ., 600 கி.மீ. ‘பிரெவே’ ஓட்டங்களுக்குப் போகிறவர் கதை வேறு. 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம் தருகிறார்கள். இரவு முழுக்க மிதிக்க வேண்டிவரும். சைக்கிளில் பொருத்திய விளக்கு கட்டாயம். நடுவழியில் பிளக் பாயிண்ட் தேடாத நிம்மதிக்குத்தான் இந்த ஹப்புக்குக் காசு கொடுக்கிறோம்.

2. ஃபோர்க்கை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். குவிக் ரிலீஸ் என்றால் பெரும்பாலும் 100 மி.மீ. அகலம். த்ரூ ஆக்ஸில் என்றால் அது 12 மி.மீ.யா, 15 மி.மீ.யா என்று தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் தட்டு ஆறு போல்ட்டில் நிற்கிறதா, சென்டர்லாக்கா என்பதையும் பாருங்கள். ரிம்மில் உள்ள துளைகளின் எண்ணிக்கையும் (28, 32, 36) ஹப்பில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. சக்கர அளவுக்கேற்ற ஹப்பைக் கேளுங்கள். 20 அங்குலச் சக்கரம் அதே வேகத்தில் அதிகமுறை சுற்றும். அதற்கென்று இலகுவான வகைகள் உண்டு. பெட்டியில் 3 வாட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஷிமானோவில் 1.5 வாட், 2.4 வாட் வகைகளும் வருகின்றன.

4. விளக்குக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஜெர்மனியில் 2013 வரை பெரும்பாலான சைக்கிள்களுக்கு டைனமோ விளக்கு சட்டப்படி கட்டாயம். அதனால் அந்நாட்டு விளக்குகள் 3 வாட்டுக்கென்றே செதுக்கப்பட்டவை. ஒளியின் மேல் விளிம்பை வெட்டி, வெளிச்சம் முழுவதையும் தரையில் விழச் செய்யும். எதிரே வருபவர் கண் கூசாது. நின்ற பிறகும் சில நிமிடம் எரிகிற ‘ஸ்டாண்ட் லைட்’ உள்ளதாகப் பார்த்து எடுங்கள். சிக்னலில் நிற்கும்போது அணைந்துபோகும் விளக்கு ஆபத்து.

செய்யக்கூடாதவை

1. கடையில் ஹப்பின் அச்சைக் கையால் திருகிப் பார்த்து, “கடக் கடக் என்று இடிக்கிறதே” என்று ஒதுக்கிவிடாதீர்கள். காந்தம் ஒரு நொடி பிடித்திழுக்கும், அடுத்த நொடி தள்ளிவிடும். ஓடும் சக்கரத்தில் இரண்டும் ஏறக்குறைய சமன் ஆகிவிடும். விளக்கு எரியும்போது நல்ல ஹப் கேட்பது சுமார் 5 வாட். சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ எடை, 20 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடுதலாக மேடேறுகிற உழைப்பு அது. விளக்கை அணைத்தால் இதில் சிறு பங்குதான்.

2. லக்ஸையும் லூமெனையும் ஒப்பிடாதீர்கள். லூமென் மொத்த ஒளி. ஜெர்மன் பெட்டிகளில் உள்ள லக்ஸ், 10 மீட்டர் தூரத்தில் மிகப் பிரகாசமான இடத்தின் அளவு.

3. இ-பைக் விளக்கையோ பேட்டரி விளக்கையோ இதில் மாட்டாதீர்கள். ஹப் தருவது மாறுமின்சாரம், அவை நேர்மின்சாரத்துக்கானவை.

4. பழைய டைனோஹப் கையில் கிடைத்தால் காந்தத்தைச் சுருளிலிருந்து வெறுமனே உருவி எடுக்காதீர்கள். காந்தம் வலுவிழந்துவிடும்.

மாட்டும்போது

செய்ய வேண்டியவை

1. சக்கரம் கோர்த்துக் கோட்டம் எடுக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். டைனமோ ஹப்பின் விளிம்பு பருமன். பழைய ஹப்பின் ஸ்போக்ஸ் கம்பிகள் நீளம் பொருந்தாமல் போகலாம். புதிதாகக் கணக்கிடச் சொல்லுங்கள்.

2. மின்முனை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிமானோவில் வலப்பக்கம்.

3. விளக்கைப் பொருத்தியதும் நண்பரைப் பத்து மீட்டர் தள்ளி நிற்கவைத்து சக்கரத்தைச் சுழற்றுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அவர் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும்.

4. பின்விளக்குக்கு ஒயரை முன்விளக்கிலிருந்து எடுங்கள். ஹேண்டில் முழுதாகத் திரும்புவதற்கு வேண்டிய தளர்வை அதில் விட்டுவையுங்கள்.

செய்யக்கூடாதவை

1. வெறும் ஒயரை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். நடுராத்திரியில் விளக்கு போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஜாயிண்ட்டைத்தான். ஹப்பைக் கடைசியில் பாருங்கள்.

2. ஹேண்டில் பையின் பின்னே விளக்கை ஒளித்துவைக்காதீர்கள். பை பெரிதென்றால் ஃபோர்க்கின் தலைப்பகுதிக்கு இறக்குங்கள்.

3. பிளக்கைக் கழற்றிவிட்டு வேகமாகச் சுற்றும் சக்கரத்தின் முனைகளைத் தொடாதீர்கள். சுமை இல்லாதபோது மின்னழுத்தம் 6 வோல்ட்டோடு நிற்காது. பல மடங்கு ஏறும்.

4. பழைய ஹாலோஜன் பல்புகளையே வைத்திருப்பவர்கள் ஒன்று ஃபியூஸ் ஆன பிறகும் அப்படியே ஓட்டாதீர்கள். 2.4 வாட் முன்பல்பு போனால் அதன் பங்கும் 0.6 வாட் பின்பல்பின் மேல் பாய்ந்து அதையும் கருக்கிவிடும்.

ஓட்டும்போதும் அதன் பிறகும்

செய்ய வேண்டியவை

1. பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும் முன் பிளக்கை உருவுங்கள். அவசரத்தில் மறந்தால் முனை ஒடியும். மாட்டிய பிறகு சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

2. பகலில் சார்ஜ் ஏற்றுங்கள், இரவில் விளக்கெரியுங்கள். யுஎஸ்பி மாற்றி வழியாக நல்ல வேகத்தில் சுமார் 2.5 வாட் கிடைக்கும். 15 வாட்-மணி கைபேசிக்கு அது ஆறு மணி நேர மிதிப்பு. மின்சாரத்தை முதலில் சிறிய பவர் பேங்கில் சேர்த்து, பிறகு கைபேசிக்கு ஊற்றுங்கள்.

3. பையில் சின்ன பேட்டரி விளக்கு ஒன்று எப்போதும் இருக்கட்டும். மலையேற்றத்தில் 5 கி.மீ. வேகத்துக்கு இறங்கும்போது வெளிச்சம் மங்கித் துடிக்கும். பாதைப் பலகையை வாசிக்கவும் பஞ்சர் பார்க்கவும் அதுவே உதவும்.

4. மழைக்காலம் முடிந்ததும் முனைகளைத் துடைத்து, பச்சை பிடித்திருந்தால் சுரண்டி எடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. கைபேசியை நேரடியாக மாட்டாதீர்கள். வேகம் குறையும் ஒவ்வொரு முறையும் சார்ஜ் நின்று நின்று ஏறும்; திரை விழித்துக்கொண்டே இருந்து ஏறியதைத் தின்றுவிடும்.

2. விளக்கும் சார்ஜரும் ஒரே நேரத்தில் வேண்டாம். 3 வாட் இருவருக்குப் போதாது. முதலில் மங்குவது சாலை.

3. வாட்டர் வாஷ் கடையில் ஹப்பின் மேல் நேராகப் பீய்ச்ச விடாதீர்கள். ஓடிச் சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்காற்று சுருங்கும். பேரிங் ஓரத்து ஈரத்தை உள்ளே உறிஞ்சும். சோன் ஹப்பில் இதற்கென்றே அழுத்தத்தைச் சமன்செய்யும் நுண்வழி வைத்திருக்கிறார்கள்.

4. பேரிங் சத்தம் போட்டால் சாதாரண ஹப்பைப் போலப் பிரிக்காதீர்கள். உள்ளே அச்சின் வழியே மெல்லிய ஒயர் போகிறது. அறுந்தால் மின்சாரம் போயிற்று. தயாரிப்பாளரின் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

5. புதிதாக மாட்டிய கையோடு நெடுந்தூர ஓட்டத்துக்குக் கிளம்பாதீர்கள். தெருவிளக்கில்லாத பழகிய சாலையில் ஓர் இரவு இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். விளக்கின் கோணம், தளர்ந்த பிளக், ஒயர் உரசல் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். சரிசெய்ய ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.