பழைய பைக்கில் பெட்ரோல் தகராறா? டேங்க் முதல் ஜெட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா ஓட்டிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் கைக்கு வந்திருக்கிறது. உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது, தெருமுனை தாண்டியதும் நின்றுவிடுகிறது. யாரைக் கேட்டாலும் "கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவு" என்கிறார்கள். நாம் அதைக் கடைசியில்தான் தொடப்போகிறோம். பெட்ரோல் டேங்கில் புறப்பட்டு எஞ்சினுக்குப் போகும் அதே வழியில் நாமும் போவோம். எங்கே தடைபடுகிறதோ அங்கே மட்டும் கை வைப்போம். காசு செலவில்லாத சோதனைகள் எல்லாம் அந்த வழியின் முன்பாதியில்தான் இருக்கின்றன.

எந்த வண்டிக்கு?

1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரையும் அதன் 97.2 சிசி எஞ்சினையும் மனதில் வைத்து எழுதுகிறேன். சிடி 100, ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் ஆகியவற்றிலும் வரிசை இதுவே. திருகுகளின் இடம்தான் மாறும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் விற்ற பெரும்பாலான பைக்குகளில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால், அவற்றுக்கு இது உதவாது.

ஜாக்கிரதை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். போர்ட்டிகோவில் வேலை பார்க்கும்போது உள்ளே பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரிந்தால் அது ஆபத்துதான். திறந்தவெளியில், எஞ்சின் ஆறியபின் தொடங்குவோம். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

ஸ்பேனர் செட், நன்றாகப் பொருந்தும் ஸ்டார் மற்றும் தட்டை ஸ்க்ரூடிரைவர்கள், ஒரு கண்ணாடி பாட்டில், பழைய துணி. கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே சுமார் 200 முதல் 350 ரூபாய். பெட்ரோல் ஹோஸும் சிறிய ஃபில்டரும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடியும். கப் கேஸ்கெட், ஓ-ரிங், நீடில் வால்வு அடங்கிய ரிப்பேர் கிட் 100 முதல் 250 வரை. கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கிக் குவிக்க வேண்டாம். பழுது எங்கே என்று தெரிந்தபின் வாங்கலாம்.

முதல் படி: டேங்க் மூடி

இந்த வண்டிகளில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையால் கீழே இறங்குகிறது. இறங்கிய அளவுக்கு மூடியில் உள்ள சிறு துளை வழியே காற்று உள்ளே வர வேண்டும். அந்தத் துளை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நிற்கும். சில கிலோமீட்டர் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆகிற வண்டியில் முதல் சந்தேகம் இதுதான். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் உடனே கிளம்பினால், பழுது அகப்பட்டுவிட்டது. துளையைச் சுத்தம் செய்தால் போதும். செலவு: ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: டேப், ஹோஸ், ஃபில்டர்

டேப்பை மூடி, கார்ப்பரேட்டர் பக்கமுள்ள ஹோஸைக் கழற்றி, முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறப்போம். நூல் பிடித்தாற்போல் தடையில்லாமல் விழ வேண்டும். சொட்டினால் அடைப்பு மேலேதான். ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது நன்றாக விழுந்தால் ஃபில்டரை மாற்றினால் தீர்ந்தது. ரிசர்விலும் ஒருமுறை பாருங்கள். 'ஆன்' நிலையில் பெட்ரோலை எடுக்கும் குழாய் டேங்குக்குள் உயரமாக நிற்கிறது. ரிசர்வ் அடிமட்டத்திலிருந்து எடுக்கிறது. துருவும் தண்ணீரும் அடியில்தான் தங்கும் என்பதால், ரிசர்வில் ஓட்டும்போது மட்டும் மக்கர் பண்ணும் வண்டிக்கு டேங்க் கழுவல் தேவை.

பாட்டிலைப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது தண்ணீர். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்துவிடும். பழைய ரப்பர் ஹோஸையும் ஓ-ரிங்கையும் அது கெடுக்கும். ஹோஸ் விறைத்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ யோசிக்காமல் மாற்றிவிடுவோம்.

மூன்றாம் படி: கப்பின் வடிகால் திருகு

கார்ப்பரேட்டரின் அடியில் உள்ள கிண்ணம்தான் கப். அதன் வடிகால் திருகைச் சற்றுத் தளர்த்தினால் பெட்ரோல் வரும். டேப் திறந்திருந்தால் நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், கப்பில் மிதக்கும் ஃப்ளோட்டோ, அது திறந்து மூடும் நீடில் வால்வோ சிக்கியிருக்கிறது. தாராளமாக வந்தும் எஞ்சின் ஓடவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் உள்ளே போகிறது, ஸ்பார்க்கைத்தான் பார்க்க வேண்டும். கார்ப்பரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. உலர்ந்திருந்தால் ஜெட்டுகளில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகுகளில், அடைப்பு.

வண்டி சொல்வதைக் கேட்போம்

சோக் போட்டால் மட்டும் ஓடி, ஸ்லோவில் நிற்காமல் அணைகிறதென்றால் பைலட் ஜெட். நுண்ணிய துளை அதற்கு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் அடைவது அதுதான். ஸ்லோ சரி, முழுசாக முறுக்கினால் இழுக்கவில்லை என்றால் மெயின் ஜெட். தரையில் பெட்ரோல் சொட்டினால் நீடில் வால்வில் தூசி அல்லது ஃப்ளோட் ஓட்டை.

ஓவர்ஃப்ளோ ஆன வண்டியில் இன்னொன்றையும் பாருங்கள். வழிந்த பெட்ரோல் சிலிண்டர் வழியே எஞ்சின் ஆயிலிலும் கலந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

நான்காம் படி: கழற்றிச் சுத்தம் செய்தல்

இதுவரை வந்தும் தீரவில்லை என்றால்தான் இது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். டேப்பை மூடி, கப்பை வடித்து, மேல் மூடியைத் திருகினால் ஆக்சிலேட்டர் கேபிளோடு ஸ்லைடும் ஊசியும் வெளியே வரும். ஊசியின் கிளிப் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் திருகைக் கழற்றும் முன், அதை மென்மையாக உள்பக்கம் இறுக்கி, எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதுங்கள். பிறகு அந்த எண்தான் நமக்குக் கை கொடுக்கும்.

ஜெட்டுகள் பித்தளை. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை சிதைந்துவிடும். துளைக்குள் குண்டூசியோ இரும்புக் கம்பியோ விடவே கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் மைலேஜ் போய்விடும். கரண்ட் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டு, எல்லா வழிகளிலும் ஸ்பிரே அடித்து, பஞ்சர் கடையில் காற்று பிடித்துக்கொள்வோம். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் மாற்ற வேண்டும். நீடில் வால்வின் கூம்பில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தாலும் அப்படியே.

ஐந்தாம் படி: மாட்டி ட்யூன் செய்தல்

ஸ்லைடின் வெட்டுப்பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ரேஸ் அடங்காது. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் அலறும். மிக்ஸ்சர் திருகைக் குறித்துவைத்த சுற்றுக்கு வையுங்கள். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, எஞ்சின் வேகம் உச்சத்துக்கு வரும்வரை அதைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, பிறகு ஸ்லோ திருகால் வேகத்தைக் குறைப்போம். ஸ்ப்ளெண்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று. இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் குறைவு, எங்கோ காற்று கசிகிறது என்றும் சந்தேகிக்கலாம்.

புதிதாக வாங்குவதென்றால்

ஸ்லைடு தேய்ந்து ஆடினாலோ, உடல் வளைந்திருந்தாலோ, எத்தனை கழுவினாலும் பலனில்லை. சென்னையில் புதிய பாகத்துக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. எங்கே போனாலும் பழைய கார்ப்பரேட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். ஜெட்டில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் டூப்ளிகேட்டைவிட, நல்ல நிலையிலுள்ள பழைய ஒரிஜினலும் ஒரு ரிப்பேர் கிட்டும் மேல் என்பது என் கட்சி. மாட்டியபின், ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறதென்றால், டேப்பை மூடி, வடிகால் திருகைத் தளர்த்திக் கப்பைக் காலியாக்கிவிட்டு நிறுத்துங்கள்.