சின்னத் திரைக்கு ஏற்ற பயிற்சித்தாள்

நாம் தயாரிக்கும் பயிற்சித்தாளை மாணவர் எந்தத் திரையில் படிக்கிறார் என்பது தெரிந்தால், அதை அமைக்கும் முறையே மாறிவிடும். ஜோலார்பேட்டையில் என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டபோது, பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு கைபேசிதான் இருப்பது தெரியவந்தது. அதுவும் பகலில் அப்பாவுடனோ அம்மாவுடனோ வேலைக்குப் போய்விடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குச் சென்று வருபவர்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். அதன்பிறகு அண்ணன் தங்கை பங்குபோட்டுக்கொண்டால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அரைமணி நேரம். பக்கத்தைப் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துப் பார்ப்பதிலேயே பாதி நேரம் கழிந்தால் கற்பதற்கு என்ன மிஞ்சும்?

2018இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோதே அவற்றில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின் வாட்ஸ்அப் வழியாகப் பயிற்சித்தாள் அனுப்புவது பரவலாயிற்று. ஆனால், நாம் அனுப்புபவற்றில் பல இன்றும் அச்சிடுவதற்கான ஏ4 தாளாகவே இருக்கின்றன.

ஓர் எளிய கணக்கு

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. சாதாரணக் கைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 65 மி.மீ. அந்தத் தாளைத் திரைக்குள் அடக்கினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகச் சுருங்கும். நாம் 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்த எழுத்து, பிள்ளையின் கண்ணுக்கு 4 புள்ளிக்கும் குறைவாகத் தெரியும்.

இதற்குத் தீர்வு எளிது. தட்டச்சைத் தொடங்கும் முன்பே பக்க அளவை ஏ6 ஆக, அதாவது 105 மி.மீ. அகலமாக மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்தளவை 18 புள்ளியாக வையுங்கள். அதே கைபேசியில் அது சுமார் 11 புள்ளியாகத் தெரியும். பெரிதாக்காமலே படிக்கலாம். பக்கங்களின் எண்ணிக்கை கூடும். ஆனால் மேலிருந்து கீழே நகர்த்துவது பிள்ளைகளுக்குக் கடினமன்று.

தமிழுக்கென்று சில கவனங்கள்

எழுத்து சுருங்கும்போது முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். அடுத்து ‘கி’, ‘கீ’ வேறுபாடு மங்கும். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோலத் தோன்றும். சரளமாகப் படிப்பவர் சூழலை வைத்து ஊகித்துவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் அது இயலாது. அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்று நாம் குறித்துவைத்தால், திரையின் குறை பிள்ளையின் குறையாகப் பதிவாகிவிடும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைபேசியில் ஒரு வரிக்கு மூன்று அல்லது நான்கு சொற்களே அடங்கும். இருபுறமும் சமமாக நிரப்பினால் சொற்களுக்கிடையே பெரிய இடைவெளி விழும். எனவே இடப்புறம் மட்டும் சீராக அமைப்பது நல்லது. இரண்டு பத்தி அமைப்பும், நான்கைந்து நிரல் கொண்ட அட்டவணையும் வேண்டாம். ‘பொருத்துக’ வினாவில் வலப்பக்க நிரலைக் கீழே கொண்டுவந்து அ, ஆ, இ, ஈ எனக் குறிக்கலாம்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ்நாடு அரசும் 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுள்ளது.

திரைக்கேற்ப மாறும் பக்கங்கள்

2010இல் ஈதன் மார்காட் என்னும் வலைவடிவமைப்பாளர், ஒரே வலைப்பக்கம் திரையின் அகலத்துக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் முறையை விளக்கி எழுதினார். கணினியில் மூன்று பத்தியாகத் தெரிவது கைபேசியில் ஒரே பத்தியாக வரிசைப்படும். பிடிஎஃப் கோப்பின் பக்கம் இவ்வாறு மாறாது. கூகுள் படிவம் மாறும். நேரடியாகத் தட்டச்சு செய்து அனுப்பும் செய்தியும் அப்படித்தான். எனவே படம் இல்லாத ஐந்து வினாக்களுக்குப் பிடிஎஃப் தேவையே இல்லை.

2018இல் வெளியான உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டுதல்களின் 2.1 பதிப்பு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையில் மஞ்சள் எழுத்து இதில் தேறாது; வெள்ளையில் கறுப்போ கருநீலமோ தேறும். விடையைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் சுமார் 9 மி.மீ. அளவிலாவது இருந்தால் விரல் தவறாது.

பெரிய திரையிலும் இதே சிக்கல்

30 செ.மீ. தொலைவில் 3 மி.மீ. உயரமாகத் தெரியும் எழுத்து, 6 மீட்டர் தொலைவிலும் அதே அளவில் தோன்ற வேண்டுமானால் 20 மடங்கு, அதாவது 60 மி.மீ. உயரம் வேண்டும். திறன் வகுப்பறையின் 55 அங்குலத் திரை ஏறத்தாழ 68 செ.மீ. உயரமுடையது. வரி இடைவெளியையும் சேர்த்தால் அதில் ஆறேழு வரிகளே அடங்கும். கடைசி வரிசைப் பிள்ளைக்காக ஒரு படவில்லையை இரண்டாகப் பிரிப்பதில் தவறில்லை.

அனுப்பும் முன் ஒரு சோதனை

நான் இப்போது ஒவ்வொரு பயிற்சித்தாளையும் மூன்று கைபேசிகளில் திறந்து பார்க்கிறேன். அவற்றுள் ஒன்று கண்டிப்பாகச் சிறிய, பழைய கைபேசி. பிறகு வகுப்பில் ஒரு பிள்ளையிடம் அதைக் கொடுத்து, திரையைப் பெரிதாக்காமல் முதல் வினாவை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். பிள்ளை கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாலோ, இரண்டு விரலால் விரித்தாலோ தாளை மாற்றுகிறேன். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அடுத்த வாரப் பயிற்சித்தாளை இந்த முறையில் தயாரித்து, உங்கள் வகுப்பிலும் சோதித்துப் பாருங்கள்.