மிதிக்க மிதிக்கப் பசி

கேள்வி: எடை குறைக்க விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். நான்கு கிலோ இறங்கியது. வேகத்தைக் கூட்டியதிலிருந்து அடங்காத பசி. எனக்கு மனக்கட்டுப்பாடு போதவில்லையா?
– வாசகி, போர்ட் பிளேர்

பதில்: சைக்கிள் பந்தய வீராங்கனை டெபோரா ஹெரால்டும் வீரர் ஈசோ ஆல்பனும் புறப்பட்ட தீவுகளில் சைக்கிள் மிதிக்கிறீர்கள், மகிழ்ச்சி. மனதைப் பழிக்காதீர்கள், சகோதரி. கொழுப்பு கரையும்போது பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும், பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும். ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடத் தோன்றும். உங்களுக்கு அது 400, ஐந்தாறு இட்லி!

உங்கள் ஊரில் ஐந்து மணிவாக்கில் விடிந்துவிடுகிறது. ஓட்டிவிட்டு ஒன்பது வரை வெறும் டீயோடு இருந்தால் சாயங்காலம் கை தானாகப் பஜ்ஜிக்குப் போகும். வீடு திரும்பியதும் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிடுங்கள். மதியம் சூரை மீன் குழம்பு நல்லது. 100 கிராம் சூரையில் 20 கிராமுக்கு மேல் புரதம். தேங்காயை மட்டும் அளந்து அரையுங்கள், 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. கடுமையாக மிதிக்கும் நாளில் சோற்றைக் குறைக்கவே வேண்டாம். வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். மாதவிடாய் தவறினாலோ தலைசுற்றினாலோ ஜி.பி. பந்த் மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.