இறைத்த தண்ணீர்



நம் வடக்குத்தின் அண்டையில், நெய்வேலியில், ஜம்புலிங்க முதலியார் 1935-ம் வருஷத்தில் தண்ணீருக்காகத் தம் நிலத்தில் துளையிட்டார். கறுப்பாய் ஒரு பொருள் வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1957-ல் கரிக்காகச் சுரங்கம் வெட்டத் தொடங்கினபோதோ, தண்ணீரே தடையாய் நின்றது! கரிப்படுகைக்குக் கீழேயுள்ள ஊற்றுநீருக்கு அழுத்தம் அதிகம். விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். ஆகையால் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்தார்கள். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. இறைப்பு இன்றும் நிற்கவில்லை. அந்தத் தண்ணீர் வீடுகளுக்குக் குடிநீராயிற்று. வாலாஜா ஏரி வழியாய் வயல்களுக்கும் பாய்கிறது.

இறைக்காதிருந்தால் அதே தண்ணீர் நாசமாயிருக்கும். துன்பமும் அப்படியே. மனதில் தேக்கி வைக்காமல், ஜெபத்தில் தினமும் சர்வேசுரனிடம் இறைத்து ஊற்றவேண்டும். அது எந்த வயலுக்குப் போய்ச் சேருமென்பது அவர் சித்தம்.

ஆனால் ஒன்று. சுரங்கத்துக்காக வீடும் நிலமும் இழந்தவர்களிடம் போய், "எல்லாம் நன்மைக்கே" என்று நாம் சொல்லலாகாது. சகோதரரால் விற்கப்பட்ட பழைய ஏற்பாட்டுச் சூசை அவ்விதம் சொன்னது மெய்தான். அவர் அதைச் சொன்னது பல வருஷம் கழித்து, தாமே, தம் வாயால். பாழ்கிணற்றில் கிடந்தபோது எவரும் மேலே நின்று அவருக்குச் சொல்லவில்லை.