பக் சொல்லவும் பக்குவம் வேணுங்க!

பூண்டியில் பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிற வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை ஒன்று இருந்தால், சனிக்கிழமை சம்பளக் கணக்கு இப்போ பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழிக்குப் போய்விடுகிறது. எங்கேயாவது இடித்தால் "பைத்தானிலேயே பக் (பிழை) இருக்கு" என்று அதைப் பராமரிப்பவர்களுக்கு எழுதக் கிளம்பிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், குறையும் சொல்லலாம் என்கிற மொழிதான்; ஆனால் அதைக் கவனிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள். அவர்கள் நேரமும் நம் நேரமும் மிச்சமாக, இதோ சில குறிப்புகள்.

1. முதல் வேலையாகப் பதிப்பு எண்ணைப் பாருங்க. ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 5 வருஷம்தான் பராமரிப்பு, 3.8-க்கு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. புதுப் பதிப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், எழுத வேண்டிய வேலையே மிச்சமாகலாம்.

2. பீஸுக்கு 10 பைசா ஏற்றி, 0.1-ஐ 3-ஆல் பெருக்கினால் 0.30000000000000004 என்று வரும். பதற வேண்டாம், ஜாவாஸ்கிரிப்டில் போட்டாலும் இதே விடைதான். கம்ப்யூட்டர் பைனரியில் எண்ணுவதால் 0.1 அதற்குள் சரியாக அடங்காது. கூலிக் கணக்கைப் பைசாவாக, முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்க. இல்லையென்றால் டெசிமல் மாட்யூல் இருக்கு.

3. 'ரவுண்ட்' போட்டால் 2.5 என்பது 2 ஆகும், 3.5 என்பது 4 ஆகும். சரிபாதியில் நின்றால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம், கையேட்டிலேயே எழுதியிருக்கு. சம்பளக் கவரில் 50 பைசா சண்டை வருவதற்கு முன்னால் படித்துவிடுங்க.

4. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. நமக்கு வேண்டிய 3 வர, 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நூலகத்தைப் போட்டுக்கொள்ளுங்க.

5. இதுதான் நம்ம ஊர்க் கணக்குகளில் ஆளைச் சுற்றவிடுகிற விஷயம். 'கொடுவாய்' என்ற ஊர்ப் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும், பார்க்க ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இரண்டும் வேறு என்று பைத்தான் அடித்துச் சொல்லும். 'கொ'வின் கொம்பும் காலும் ஓரிடத்தில் ஒரே குறியாகவும், இன்னோரிடத்தில் தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகியிருக்கும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் 'நார்மலைஸ்' என்பதை என்எஃப்சி முறையில் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் 'கௌசல்யா'வுக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தையே தட்டியிருந்தால் அந்த மருந்து வேலைக்கு ஆகாது. உட்கார்ந்து கையால்தான் திருத்தணும்.

6. முந்நூறு வரிக் கோடை அப்படியே அனுப்பினால் யாரும் தொடமாட்டார்கள். செக்கிங் டேபிளில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிற மாதிரி, தப்பு நடக்கிற பத்து வரியை மட்டும் கொடுங்க. பாதியை அழித்து ஓட்டுங்க. இன்னும் எரர் வந்தால் அழித்தது தேவையில்லாதது, வராவிட்டால் அழித்ததில்தான் வினை. இப்படிக் குறைத்துக்கொண்டே போகும்போது தப்பு நம் கோடில்தான் என்று தெரிந்துவிடுவதும் உண்டு, அது இன்னும் லாபம்!

7. எரர் வரிகளில் கடைசியாக வரும் ஃபைலின் பாதையில் 'சைட்-பேக்கேஜஸ்' என்று இருக்கா? அப்போ பஞ்சாயத்து பாண்டாஸ், நம்பை மாதிரி வெளி நூலகத்தோடு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர்களுக்குத் தனி இடம் இருக்கு, அங்கே சொல்லுங்க.

8. எழுதும் முன், எரரின் கடைசி வரியை அப்படியே போட்டுத் தேடுங்க. 2022 ஏப்ரலில் பைத்தானின் பழைய பக் பட்டியல் முழுவதும் கிட்ஹப் இணையதளத்துக்கு வந்துவிட்டதால் ஒரே இடத்தில் தேடினால் போதும். வழக்கமாகத் திறந்திருப்பவை மட்டும்தான் கண்ணில் படும். முடித்து மூடியவற்றையும் சேர்த்துத் தேடுங்க, தீர்வு அங்கேதான் கிடக்கும்.

9. மானிட்டரை மொபைலில் போட்டோ எடுத்து ஒட்டாதீங்க. எழுத்தாகக் காப்பி செய்து போட்டால்தான் மற்றவர்கள் எடுத்து ஓட்டிப் பார்க்க முடியும்.

10. என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது: மூன்று வரி போதும். இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்க. பத்து வரிக் கோடு பக்கத்தில் இருந்தால் மீதியை அதுவே பேசும்.

11. பையர் பெயர், ஜிஎஸ்டி எண், ஆட்களின் கூலி இதையெல்லாம் மாற்றிவிட்டு அனுப்புங்க. ஊரே பார்க்கிற இடம் அது.

12. பாஸ்வேர்டு கசிவது, அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவது மாதிரியான ஓட்டை என்றால் பொதுவில் எழுதவே கூடாது. பைத்தானின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக மெயில் போடுங்க.

13. வேறொருவர் ஏற்கெனவே சொன்ன பக் உங்களுக்கும் வருதா? "எனக்கும் அப்படித்தான்" என்று எழுதினால் அதைக் கவனித்து வருகிற அத்தனை பேருக்கும் மெயில் போகும். கட்டைவிரல் குறியைத் தட்டினால் போதும். புது விவரம் இருந்தால் மட்டும் எழுதுங்க: விண்டோஸில் வருது, லினக்ஸில் வரலை என்பது மாதிரி.

14. "இது பக் இல்லை" என்று மூடிவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். காரணம் அனேகமாக ஒரு வரியில் எழுதியிருக்கும். அது புரியாவிட்டால் பணிவாக ஒருமுறை கேட்கலாம், இரண்டாவது தடவை புதிதாகத் திறக்கக் கூடாது.

15. சின்னப் பிள்ளைகள் பழக 'எழில்' நல்ல மொழி. முத்தையா அண்ணாமலை உருவாக்கியது, 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' என்று தமிழிலேயே எழுதலாம், இதுவும் திறந்த மூலம்தான். எழிலே பைத்தானில் எழுதப்பட்டது என்பதால், கணக்கு பிசகினால் அதையே பைத்தானில் போட்டுப் பாருங்க. அங்கே சரியாக வந்தால் பக் எழில் பக்கம் இருக்கலாம், அங்கே சொல்லுங்க. கைகள் குறைவான இடம், பதில் வர நாளாகும்.

16. கையேட்டில் எழுத்துப்பிழை கண்டால் அதையும் சொல்லலாம், அதுவும் பக்தான். முதல்முறை எழுதுகிற பிள்ளைக்கு இதைவிட லேசான ஆரம்பம் கிடைக்காது. முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்க.