படிவச் சொற்களை விரிதாளில் ஒழுங்குபடுத்தல்

மீள்குடியேறியபின் காணி, வீடு, பிறப்புச் சான்றிதழ் எனப் பல படிவங்கள் உங்கள் கைக்கு வரும். சில சிங்களத்தில் மட்டும் இருக்கக்கூடும். அடிக்கடி வரும் சொற்களைப் பட்டியலாக்கி வைத்திருந்தால், எதற்குக் கையொப்பம் கேட்கிறார்கள் என்பதாவது விளங்கும். எக்செல் போன்ற ஒரு விரிதாள் இதற்குப் போதும். கணினி பழகிய பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

1. மூன்று நிரல்கள்
முதல் நிரையில் தலைப்புகளை இடுங்கள். ஏ நிரலில் சிங்களச் சொல்லின் ஒலி, பி நிரலில் பொருள், சி நிரலில் தேவைப்படும் இடம்.

நம – பெயர் – பொது
லிபினய – முகவரி – பொது
அத்சன – கையொப்பம் – பொது
இடம – காணி – காணி
பலபத்ரய – அனுமதிப்பத்திரம் – காணி
ரோஹல – வைத்தியசாலை – சுகாதாரம்

“இடம” என்பது நமது “இடம்” போல ஒலித்தாலும் அதன் பொருள் காணி. இத்தகைய சொற்களுக்கு நிறமிட்டு வையுங்கள்.

2. வீண் இடைவெளியை நீக்கல்
டி2 கலத்தில்: =டிரிம்(ஏ2)
சொல்லுக்கு முன்னும் பின்னும் தவறி விழுந்த இடைவெளிகள் நீங்கும். இதை முதலில் செய்யாவிட்டால் ஒரே சொல்லைக் கணினி இரண்டாகக் கருதும்.

3. இருமுறை வந்ததைக் கண்டறிதல்
ஈ2 கலத்தில்: =கவுண்ட்இஃப்(டி:டி,டி2)
விடை 1 எனில் சரி. 2 எனில் அச்சொல் மீண்டும் உள்ளது. பொருளையும் ஒப்பிட்டபின் ஒரு நிரையை அழியுங்கள்.

4. சொல்லையும் பொருளையும் இணைத்தல்
எஃப்2 கலத்தில்: =டி2&" – "&பி2
“இடம – காணி” என ஒரே வரியாகக் கிடைக்கும்.

சூத்திரங்களைக் கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவேண்டும். பின்னர் கலத்தின் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தைக் கீழே இழுத்தால் மற்ற நிரைகளும் நிரம்பும்.

5. அச்சிடல்
சி நிரலில் “காணி” என வடிகட்டி, எஃப் நிரலை மட்டும் தெரிவுசெய்து அச்சிடுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது அடையாள அட்டையுடன் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

கவனிக்க: 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். எனவே முதலில் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். இப்பட்டியல் சொற்களை அடையாளம் காண மட்டுமே உதவும். ஒரு வாக்கியத்தின் முழுப் பொருளையும் தராது. முழுமையாக விளங்காத எந்தப் பத்திரத்திலும், குறிப்பாகக் காணிப் பத்திரத்தில், கையொப்பமிட வேண்டாம். நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வாசிப்பித்த பின்னரே ஒப்பமிடுங்கள்.