கட்டுமரமும் கேட்டமரானும்

கோவளம், மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய் வரும் பொத்தேரி மாணவர்களின் வாட்ஸாப்பில் அடிக்கடி வலம்வரும் வாசகம், 'உலகத்துக்குக் கேட்டமரான் கொடுத்தவன் தமிழன்.' இதில் பாதி சரி. எந்தப் பாதி?

நம்பிக்கை: கேட்டமரான் என்ற ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது.

உண்மை: ஆம். கட்டுமரம் வினைத்தொகை. கட்டிய, கட்டுகின்ற, கட்டும் என முக்காலத்துக்கும் பொருந்தும். தொழிலும் அப்படித்தான்: கடலுக்குப் போகும்போது மரங்களைக் கயிற்றால் பிணைப்பார்கள், கரையேறியதும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் 1697-ஆம் ஆண்டுப் பயண நூலிலேயே இப்பெயர் வந்துவிட்டது.

நம்பிக்கை: டாம்பியர் இங்கே கண்டது, இன்று கேட்டமரான் எனப்படும் இரட்டைப் படகு.

உண்மை: இல்லை. சோழமண்டலக் கரையில் அவர் கண்டதாக எழுதுவது, ஒன்றிரண்டு மரத்தின்மேல் கால் நனைய உட்கார்ந்து ஒற்றை ஆள் துடுப்புப் போடுவதை.

நம்பிக்கை: பெயர் நம்முடையது என்றால் இரட்டைப் படகும் நம்முடையதே.

உண்மை: இரண்டு ஓடங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்துப் பெருங்கடல் கடந்தவர்கள் பாலினீசியத் தீவினர். டப்ளினில் வில்லியம் பெட்டி 1662-லேயே இரட்டைப் படகு கட்டினார். அமெரிக்கர் நத்தானியல் ஹெரெஷாஃபின் இரட்டைப் படகான 'அமரில்லிஸ்' 1876-ல் நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளை முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இந்த வகைக்கு நம் பெயர் ஒட்டியது. போனது பெயர், படகு அல்ல.

நம்பிக்கை: ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரம் சென்றது கட்டுமரத்தில்.

உண்மை: மெய்க்கீர்த்தி சொல்வது 'கலம்'. படையும் தளவாடமும் ஏற்றக் கட்டுமரத்தில் தளமோ அறையோ கிடையாது. அதன் பலம் வேறு. மரங்களுக்கு இடையே நீர் வடிந்துவிடும். நிரம்பி மூழ்க வழியே இல்லை. துறைமுகமில்லாத, அலை உடையும் கரையில் மீனவர் நம்பியது அதைத்தான். ஃபைபர் படகுகள் பரவிய பிறகே, குறிப்பாக 2004 சுனாமிக்குப் பின், அது அருகிப்போனது.

நம்பிக்கை: 'கேட்டா' என்றால் இரண்டு, 'மரான்' என்றால் படகு.

உண்மை: ஆங்கிலம் பேசுவோர் காதில் விழுந்த பிரிப்பு இது. அதை நம்பித்தான் மூன்று உடல் கொண்ட படகுக்கு 'ட்ரைமரான்' என்று பெயர் வைத்தார்கள். அதில் கட்டு அவிழ்ந்துவிட்டது. மரம் மட்டும் மிதக்கிறது.